தண்ணீருக்காக மரம் வெட்டும் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில்லாத ஏழைகளைக் கூப்பிட்டு, அரசே கூலி கொடுத்து, மலைகளிலும் ஆற்றோரங்களிலும் நிற்கும் மரங்களை வெட்டச் சொல்கிறது. அதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பெயரும் வைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் நடக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் புருவம் உயர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படி உயர்ந்த புருவங்கள் கேட்ட கேள்விகள் இவை.

இது என்ன திட்டம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பெயர் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்'. இங்கே அதைத் 'தண்ணீர் வேலை' என்றே அழைக்கிறேன். வெளிநாடுகளிலிருந்து வந்து கட்டுமீறிப் பரவிவிட்ட மரங்களையும் புதர்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து அகற்றுவது, அந்த வேலையை வேறு பிழைப்பு இல்லாதவர்களுக்குக் கொடுப்பது, இரண்டும் சேர்ந்ததுதான் திட்டம்.

மரம் நடுவதுதானே நல்லது என்று படித்திருக்கிறோம். வெட்டுவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த மலையில் சீகை மரமும் கற்பூர மரமும் ஏறி உட்கார்ந்தபின் ஓடைகள் என்ன ஆயின என்பதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள்.

தென்னாப்பிரிக்கா வறண்ட நாடு. அதன் சராசரி ஆண்டு மழை 500 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. தமிழ்நாட்டுக்கு அது 900-ஐத் தாண்டும். பெய்கிற கொஞ்ச மழையிலும் பெரும்பங்கைப் பிடித்துத் தருபவை சில மலைத்தொடர்கள். நாட்டின் தென்மேற்கு மூலையான கேப் பகுதி மலைகளில் இயற்கையாக வளர்வது 'ஃபின்போஸ்' எனப்படும் குறும்புதர்க்காடு. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், மிஞ்சினால் ஆள் உயரம். அந்தச் சிறிய நிலப்பரப்பில் சுமார் 9,000 வகைச் செடிகள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லை. கோடையில் சிக்கனமாக வாழக் கற்ற செடிகள் அவை. குடிப்பது கொஞ்சம், மிச்சத்தை ஓடைக்கு விட்டுவிடும்.

அந்த இடத்தில் ஆண்டு முழுவதும் இலை உதிராத, ஆழ வேர்விடும், நாலு மடங்கு உயரமான மரங்கள் அடர்ந்து நின்றால், ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீர் இலை வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது. வெட்டுவது அந்த மரங்களை மட்டும்தான். நாட்டு மரத்தின் மேல் கைவைக்க அனுமதி கிடையாது.

இது நிரூபிக்கப்பட்டதா, இல்லை ஊர்ப்பேச்சா?

நிரூபிக்கப்பட்டது. ஸ்டெல்லன்போஷ் நகருக்கு அருகே யோங்கர்ஷூக் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1930-களிலேயே அங்கே வனத்துறையினர் பக்கத்துப் பக்கத்து ஓடைகளின் குறுக்கே அளவுத் தடுப்புகள் கட்டி, எந்த ஓடையில் எவ்வளவு நீர் வருகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினார்கள். சில ஓடைகளின் மேற்பகுதியில் பைன் நட்டார்கள். சிலவற்றைப் புதர்க்காடாகவே விட்டார்கள். பைன் வளர வளர அந்த ஓடையின் நீர் குறைந்துகொண்டே வந்தது. பல பத்தாண்டு அளவீடு இது. வேடிக்கை என்னவென்றால், மரத்தோட்டம் போட்டால் தண்ணீர் குறையுமா என்று விவசாயிகளுக்கும் வனத்துறைக்கும் நடந்த வாக்குவாதத்தைத் தீர்க்கத்தான் இந்த ஆய்வு தொடங்கியது. அறுபது ஆண்டு கழித்து மரத்தை வெட்டுவதற்கு அதுவே சாட்சியாயிற்று.

எந்தெந்த மரங்கள்? யார் கொண்டுவந்தது?

எல்லாம் நல்ல எண்ணத்தில் வந்தவைதான். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கறுப்பு வாட்டில் மரம், நம் நீலகிரிச் சீகையின் சொந்தக்காரன், 1864 வாக்கில் கிழக்குக் கரையின் நட்டால் பகுதிக்கு வந்தது. கேப் டவுனை ஒட்டிய மணல்வெளியில் மணல் பறக்காமல் நிறுத்த இன்னொரு வகை அக்கேசியா. சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையாக யூகலிப்டஸ். பலகைக்கு பைன். வேலி போட ஹேக்கியா என்ற முள்புதர். வறண்ட வடமேற்கில் ஆட்டுக்கு நிழலும் தீவனமும் தர மெஸ்கீட். இந்தக் கடைசி ஆள் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யாருடைய யோசனை இது?

1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்து நெல்சன் மண்டேலா அதிபரானார். நீர்வளம், வனத்துறைக்கு அமைச்சராக வந்தவர் காதர் அஸ்மல். நட்டால் பகுதியின் ஸ்டாங்கர் என்ற சிற்றூரில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர்; நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் அயர்லாந்தின் டப்ளினில் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். மரம், செடி, நீரியல் எதுவும் அவருடைய துறை கிடையாது.

தாவரவியல், நீரியல் அறிஞர்கள் சிலர் அவரிடம் கணக்கை எடுத்துப் போனார்கள். இந்த மரங்களை இப்படியே விட்டால் கேப் டவுன் போன்ற நகரங்களுக்கு வரும் நீர் இவ்வளவு குறையும். புதிதாக அணை கட்டுவதைவிட வெட்டுவது மலிவு என்பது அவர்கள் வாதம். கேட்டது புதிய அரசு. அதன் முன்னால் நின்ற முதல் பிரச்சினை வேலையின்மை. அறிஞர்கள் 'மரம் வெட்ட ஆள் வேண்டும்' என்றார்கள். அரசு 'ஆளுக்கு வேலை வேண்டும்' என்றது. இரண்டு தேவையும் ஒரே மேசையில் சந்தித்தன. நாட்டு மறுசீரமைப்பு நிதியிலிருந்து 2.5 கோடி ராண்ட் (அந்த நாட்டு நாணயம்) ஒதுக்கி, 1995-லேயே வேலை தொடங்கிவிட்டது. திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர் கை பிரஸ்டன். அஸ்மலுக்கு 2000-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

அறிஞர்கள் பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அந்தக் கோப்பு இன்றும் ஏதோ ஓர் அலமாரியில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஃபின்போஸுக்கு ஓட்டு கிடையாது.

இயந்திரம் வைத்து ஒரே மாதத்தில் முடித்துவிடலாமே. ஆட்கள் எதற்கு?

இந்தக் கேள்விக்கு என் ஊர்ப்பக்கத்துக் கண்மாய் ஒன்றே பதில். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று இரண்டு பொக்லைன் இறங்கின. ஒரு வாரத்தில் கண்மாய் மொட்டையானது. எல்லோரும் கைதட்டினோம். அடுத்த ஐப்பசி மழைக்குக் கண்மாய் முழுக்க விரல் உயரத்தில் கன்றுகள், கீரைப்பாத்தி மாதிரி. மூன்றாம் ஆண்டில் ஆள் நுழைய முடியவில்லை. பொக்லைன் திரும்ப வரவில்லை. அதற்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை.

அக்கேசியா விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். காட்டுத்தீயின் சூடு பட்டால் மொத்தமும் ஒன்றாக முளைக்கும். அதனால் முதல் வெட்டு வேலையின் தொடக்கம்தான். ஓரிரு ஆண்டு கழித்துப் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும். பிறகு மறுபடியும் போக வேண்டும். திட்டத்து ஆட்கள் இதைத் 'தொடர் வேலை' என்கிறார்கள். செங்குத்துச் சரிவில், பாறை இடுக்கில், நாட்டுச் செடிக்கு நடுவே ஒளிந்து நிற்கும் கன்றைக் கண்டுபிடித்துப் பிடுங்க, கண்ணும் கையும் உள்ள ஆள்தான் வேண்டும்.

ஒரு குழு ஒரு நாளில் என்ன செய்கிறது?

சுற்றுவட்டாரத்து ஆள் ஒருவரே ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். இவர்களில் சங்கிலி ரம்பம் ஓட்டத் தெரிந்தவர் ஒன்றிரண்டு பேர், களைக்கொல்லி அடிக்கப் பயிற்சி பெற்றவர் சிலர், முதலுதவி தெரிந்த ஒருவர், பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர். மீதிப் பேர் கைவாளும் கத்தியும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எத்தனை ஆள்நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை) பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் ஒப்பந்தத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது.

வாட்டில் மரத்தை அறுத்தால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து பத்துக் கொம்பு கிளம்பும். ஆகவே தரையை ஒட்டி அறுத்து, வெட்டிய சூட்டோடு கட்டையின் வாயில் களைக்கொல்லி பூச வேண்டும். மருந்தில் சாயம் கலந்திருப்பார்கள். எந்தக் கட்டைக்குப் பூசியாயிற்று, எது விட்டுப்போயிற்று என்று சரிவில் நின்று பார்த்தாலே தெரியும். பெரிய மரமாக இருந்து, விழுந்தால் ஓடையை அடைக்கும் என்றால், பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே காயவிடுகிறார்கள். சிறு கன்றை வேரோடு பிடுங்குகிறார்கள். பைன் சாது, வெட்டினால் துளிர்க்காது, மருந்தும் வேண்டாம்.

ஹேக்கியாவின் கதை தனி. அதன் விதை மரக்கட்டை போன்ற காய்க்குள் பூட்டிக் கிடக்கும். செடி செத்தால்தான் காய் வெடிக்கும். வெட்டிப் போட்டால் அத்தனை விதையும் கொட்டி முளைத்துவிடும். அதனால் வேண்டுமென்றே வெட்டிப் போடுகிறார்கள், முளைக்கவிடுகிறார்கள், ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து, அந்தக் கன்றுகள் காய்க்கும் வயதுக்கு வருமுன் நெருப்பு வைக்கிறார்கள். கன்றோடு விதைக் கையிருப்பும் தீர்ந்தது. ஃபின்போஸ் நெருப்புக்குப் பழகிய செடி. அது மறுபடி வந்துவிடும். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு எதிரியின் மேல் பெரிய மரியாதை இருந்திருக்க வேண்டும்.

இதில் தேதி தவறினால் எல்லாம் போயிற்று. நெருப்பு வைக்க வேண்டிய பருவத்தில் நிதி வரவில்லை என்றால், முன்பு நின்றதைவிட அடர்த்தியான காடுதான் மிச்சம்.

யாருக்கு வேலை கிடைக்கிறது?

ஆண்டுக்குச் சுமார் 20,000 பேருக்கு. வேலை பெறுபவர்களில் 60 விழுக்காடு பெண்கள், 20 விழுக்காடு இளைஞர்கள், 2 விழுக்காடு மாற்றுத்திறனாளிகள் என்று ஆரம்பத்திலேயே இலக்கு வைத்தார்கள். பெண்கள் ரம்பம் பிடித்து மரம் அறுப்பது அந்த ஊர்களில் அதற்குமுன் யாரும் பார்த்திராத காட்சி. வேலையோடு முதலுதவி, எச்.ஐ.வி. விழிப்புணர்வு, கணக்குவழக்கு போன்ற பயிற்சிகளும் உண்டு. 1990-களின் இறுதியில் அந்த நாட்டில் எய்ட்ஸ் என்ன பாடுபடுத்தியது என்பதை நினைத்தால், அந்தப் பயிற்சி அலங்காரத்துக்கு வைத்ததில்லை என்பது புரியும்.

கூலி எவ்வளவு?

குறைவு. வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். வெளியே பண்ணைகளில் வேலை பார்ப்பவர் அதை விட்டுவிட்டு இங்கே ஓடி வந்துவிடக் கூடாது என்பது அரசின் நியாயம். 2019-ல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது பொதுவான கூலி மணிக்கு 20 ராண்ட். அரசின் இத்தகைய பொதுப்பணித் திட்டங்களில் வேலை செய்பவருக்கு மட்டும் 11 ராண்ட். 2024-ல் அது 27.58-ம் 15.16-ம் ஆனது. தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்துவருகின்றன.

எனக்கும் இதில் உடன்பாடு இல்லை. நாட்டில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாதபோது குறைந்த கூலியில் அதிகம் பேருக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்கிறார்கள். சரிவில் ரம்பம் பிடிக்கிற வேலைக்கு அலுவலகம் கூட்டுகிற வேலையைவிடக் குறைந்த கூலி என்பதை அந்த வாதம் சரிக்கட்டிவிடவில்லை.

வேலை நிரந்தரமா?

இல்லை. நெடுங்காலம் இருந்த விதி, ஐந்தாண்டுக்குள் ஒருவர் 24 மாதம்தான் வேலை செய்யலாம் என்பது. பிறகு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பயிற்சியும் அனுபவமும் பெற்றவர் வெளியே போய் வேறு வேலை தேடிக்கொள்வார் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். வெளியே வேலை இருந்தால் அவர் ஏன் இங்கே வந்திருக்கப் போகிறார்?

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது கெட்ட விதி. எந்தக் கட்டை துளிர்க்கும், எந்தக் கன்று நாட்டுச் செடி, எது அந்நியன் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு சுற்று ஆகும். கற்றவரை அனுப்பிவிட்டுக் கல்லாதவரைக் கொண்டுவருவது வேலைவாய்ப்புக் கணக்குக்கு நல்லது, எண்ணிக்கை கூடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி அரசின் வறுமை ஒழிப்பு, வேலைவாய்ப்பு நிதி. 2004-ல் நாடு தழுவிய 'விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டம்' தொடங்கியது. சாலை போடுவது முதல் குழந்தைகள் பராமரிப்பு வரை அதில் அடக்கம். ஐந்தாண்டில் பத்து லட்சம் வேலைவாய்ப்பு என்பது முதல் கட்ட இலக்கு. தண்ணீர் வேலை அதன் சுற்றுச்சூழல் பிரிவில் சேர்ந்துகொண்டது. இதுதவிர 1998-ன் நீர்ச் சட்டப்படி ஆற்று நீரைப் பயன்படுத்துவோரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு மரம் அகற்றப் போகிறது. குழாயைத் திறப்பவர் மலையில் வெட்டுபவருக்குக் கூலி தருகிறார் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தொகைதான் சிறியது.

சரி, தண்ணீர் கிடைத்ததா?

வெட்டிய ஓடைகளில் கிடைத்தது. நாடு முழுவதற்கும் என்று கேட்டால் பதில் கசப்பு.

1998-ல் வெளிவந்த முதல் கணக்கு, சுமார் ஒரு கோடி ஹெக்டேரில் அந்நிய மரங்கள் பரவியிருப்பதாகவும், ஆண்டுக்கு 330 கோடி கன மீட்டர் நீர் அவற்றால் போவதாகவும் சொன்னது. நம் கணக்கில் ஏறத்தாழ 116 டி.எம்.சி.; மேட்டூர் அணை முழுதும் நிறைந்தால் பிடிப்பதைவிட அதிகம். 2016-ல் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது அது 144 கோடி கன மீட்டர், சுமார் 51 டி.எம்.சி. என்று வந்தது. மரம் குறைந்ததால் எண் இறங்கியது என்று இதைப் படிக்கக் கூடாது; கணக்குப் போடும் முறைதான் மாறியது.

2012-ல் இத்திட்டத்தோடு தொடக்கத்திலிருந்தே தொடர்புள்ள அறிஞர்கள் உட்பட ஒரு குழு பதினைந்து ஆண்டுக் கணக்கைப் புரட்டியது. 320 கோடி ராண்ட் செலவாகியிருந்தது. பல மரவகைகளைப் பொறுத்தவரை, பரவிய பரப்பில் சிறு பங்கில்தான் வேலையே நடந்திருந்தது. பரவல் குறைந்தபாடில்லை, பல இடங்களில் கூடியிருந்தது. எல்லா இடத்திலும் எல்லா மரத்தையும் துரத்தாமல், முக்கியமான மலையையும் முக்கியமான மரத்தையும் தேர்ந்தெடுத்து முடித்துக்காட்டுங்கள் என்று அவர்கள் எழுதினார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? இரண்டு எசமானர்களுக்கு ஒரே வேலைக்காரன். தண்ணீர் எசமானன் 'மலையுச்சியில் வெட்டு' என்கிறான். அங்கே ஆளே கிடையாது. வேலை எசமானன் 'ஆள் இருக்கும் ஊரில் வெட்டு' என்கிறான். அங்கே தண்ணீர் கிடையாது. ஆண்டு முடிவில் அமைச்சகம் கேட்கும் கேள்வி 'எத்தனை ஆள்நாள்?' என்பது. 'ஓடையில் எத்தனை லிட்டர்?' என்று கேட்பவர் குறைவு. ஆள்நாளைப் பதிவேட்டில் எண்ணிவிடலாம்; தண்ணீரை எண்ண அளவுத் தடுப்பு வேண்டும், பத்தாண்டுப் பொறுமை வேண்டும். இதையெல்லாம் மீறியும் இந்தத் திட்டத்தை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். வேலை என்ற கால் இல்லாவிட்டால் இது இரண்டாவது தேர்தலைத் தாண்டியிருக்காது. ஆனால் நடப்பது அந்தக் காலால் என்பதால் பாதையையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

2018-ல் கேப் டவுனில் தண்ணீர் தீரப்போகிறது என்றார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வறட்சிக்குக் காரணம் தொடர்ந்து மூன்றாண்டு மழை பொய்த்தது. ஆனால் 'குழாய்கள் மூடப்படும் நாள்' என்று தேதி குறிக்கும் நிலை வந்தபின் நகரத்துக்கு மலை ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு நீர் நிதியம் தொடங்கினார்கள். அதன் கணக்குப்படி, நகரின் அணைகளுக்கு நீர் தரும் மலைகளில் 37.2 கோடி ராண்ட் செலவில் பைனையும் அக்கேசியாவையும் அகற்றித் தொடர்ந்து பராமரித்தால், முப்பது ஆண்டில் ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. கடல்நீரைக் குடிநீராக்குவது போன்ற மற்ற வழிகளைவிடப் பல மடங்கு மலிவு. அங்கே ஆள் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் கயிற்றில் தொங்கியபடி பைன் அறுக்கும் தனிக் குழுக்கள் இப்போது வேலை செய்கின்றன.

வெட்டிய மரம் என்ன ஆகிறது?

பாதி மலையிலேயே கிடக்கிறது. கீழே கொண்டுவர ஆகும் செலவு மரத்தின் விலையைவிட அதிகம். குவித்துவைத்த இடத்தில் தீப்பிடித்தால் மண்ணே வெந்துபோகும் என்பது தனித் தொல்லை. சாலையோரம் கிடைப்பது விறகாகவும் கரியாகவும் போகிறது. பள்ளிக்கூட மேசைகள் செய்யும் பட்டறைகள் நடத்தினார்கள். சவப்பெட்டிகளும் செய்தார்கள். ஏழைக் குடும்பம் ஒரு சாவுக்காகக் கடனில் மூழ்கும் நாட்டில், எய்ட்ஸால் வாரந்தோறும் அடக்கம் நடந்த காலத்தில், மலிவான பெட்டி ஒன்றைத் தந்தார்கள். ஆற்றைக் குடித்த மரத்துக்கு இதைவிடக் கண்ணியமான முடிவு கிடைத்திருக்காது.

இதே மாதிரி வேறு திட்டங்கள் உண்டா?

உண்டு. சதுப்புநிலங்களை மீட்க ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. பெரியது, 2003-ல் தொடங்கிய காட்டுத்தீ அணைக்கும் திட்டம். வேலையில்லாத இளைஞர்கள் சுமார் 5,000 பேருக்குப் பயிற்சியளித்து வைத்திருக்கிறார்கள். 2016-ல் கனடாவின் ஆல்பெர்ட்டாவில் பெருந்தீ பற்றியபோது 300 பேர் உதவிக்குப் போனார்கள். எட்மன்டன் விமான நிலையத்தில் இறங்கியதும் மஞ்சள் சட்டையோடு அவர்கள் பாடி ஆடிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. சில நாளில் அவர்களே வேலையை நிறுத்திவிட்டார்கள். நாளுக்கு 50 டாலர் படி, அதில் 15 டாலர்தான் அங்கே கையில், மீதி ஊர் திரும்பியபின் என்பது ஏற்பாடு. பக்கத்தில் நின்று அதே நெருப்பை அணைத்த கனடாக்காரர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்தபின் யாருக்குத்தான் ஆட்டம் வரும்?

நம் நூறு நாள் வேலையோடு ஒப்பிடலாமா?

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை உரிமையாக்கியது. கேட்டால் கொடுக்க வேண்டும் என்றது. தென்னாப்பிரிக்காவில் நிதி உள்ளவரை வேலை; இல்லை என்றால் வழக்குப் போட முடியாது. இந்தியச் சட்டத்தின் தாக்கத்தில் அவர்கள் பின்னர் வாரம் இரண்டு நாள் வேலை தரும் வேறொரு திட்டத்தையும் தொடங்கினார்கள். மறுபக்கம், நம்மிடம் கண்மாய் மராமத்து செய்த கைகளுக்கு ரம்பப் பயிற்சியோ முதலுதவிப் பயிற்சியோ யாரும் கொடுக்கவில்லை. மண்வெட்டியும் சட்டியும் கொடுத்து அளந்து கூலி போட்டார்கள். வேலையில் ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பூச்சியை விட்டு அழித்துவிட முடியாதா? ஆளும் வேண்டாம், கூலியும் வேண்டாம்.

முடிகிற இடத்தில் அதுதான் சிறந்த வழி. 2012 ஆய்வும் அதையே சொன்னது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சாயம் எடுக்கலாம் என்று ஆங்கிலேயர் 1795-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெயர் வாங்கிய அதே பூச்சிதான் 1913-ல் தென்னாப்பிரிக்காவில் விடப்பட்ட முதல் உயிரியல் ஆயுதம். 1987-ல் ஒரு துருப் பூஞ்சணத்தை விட்டார்கள். கேப் மணல்வெளி அக்கேசியாவை அது பெருமளவு அடக்கியது.

சிக்கல், சில மரங்கள் சிலருக்குச் சோறு போடுகின்றன. வாட்டில், பைன் தோட்ட முதலாளிகள் மரத்தைக் கொல்லும் பூச்சியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே விதையை மட்டும் தின்னும் வண்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அமைச்சகத்துக்கு இதில் இன்னொரு சங்கடம்: வண்டுக்கு ஆள்நாள் கணக்கு எழுத முடியாது.

கடைசியாக: அந்த மெஸ்கீட் யார்? நம் சீமைக் கருவேலத்துக்கு இதில் பாடம் ஏதும் உண்டா?

மெஸ்கீட் நம் சீமைக் கருவேலமும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். அங்கே பல வகைகள் கலந்து கலப்பினமாகிவிட்டன. வறண்ட வடமேற்கின் ஆற்றுப் படுகைகளில், ராமநாதபுரத்தில் பார்ப்பது போலவே சுவர் மாதிரி நிற்கிறது.

நம்மிடம் 2017-ல் நீதிமன்றம் அகற்றச் சொன்னது, பிறகு தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. முதுமலைப் பக்கம் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டில் யானைகள் செய்து விற்கிறார்கள். ஆனால் முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களுக்கு அந்த மரம்தான் மாதச் சம்பளம். 'வேரோடு பிடுங்கு' என்று சென்னையிலிருந்து சொல்வது சுலபம். அகற்றும் வேலை அவர்களுக்கே, பல ஆண்டுகளுக்கு, தொடர் வேலையோடு சேர்த்து வர வேண்டும். பொக்லைன்காரருக்கு ஏலம் விட்டால் என் ஊர்க் கண்மாய்தான்.

தென்னாப்பிரிக்க ஆட்டுக்காரர்களும் மரத்தை முழுதாக அழிக்க ஒத்துக்கொள்ளவில்லை, காய் தீவனமாயிற்றே. அதனால் 1980-களில் விதையை மட்டும் துளைக்கும் வண்டை விட்டார்கள். மரமும் இருக்கும், காயும் இருக்கும், பரவல் மட்டும் நிற்கும் என்பது கணக்கு. காய் தரையில் விழுந்து, வண்டு அதைக் கண்டுபிடித்து முட்டையிடுவதற்குள் ஆடு வந்து தின்றுவிடுகிறது. விதை புழுக்கையோடு அடுத்த பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.